பனிப்புகைக் காலத்தில் பிராணாயாமம்: தில்லித் தமிழர் கேள்வி பதில்

தில்லியில் வசிக்கும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு யோகா டீச்சரின் பதில்கள்.

மயூர் விஹாரிலிருந்து: டீச்சர், நவம்பர் வந்தாச்சு. எங்கள் குழு காலை 5.30க்குப் பார்க்கில் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்கிறது. தொடரலாமா?

பார்க்கில் வேண்டாம். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடும். காற்றும் வீசாது. வண்டிப் புகையும் வயல் எரிக்கும் புகையும் அடியிலேயே தங்கிவிடும். விடியற்காலையில்தான் இது மோசம். வெயில் ஏறினால் கொஞ்சம் கலையும். அந்த நேரத்தில் போய் மூச்சை வேகப்படுத்தினால் நுண்துகளைக் கூடுதலாக உள்ளே இழுப்பதுதான் மிச்சம். ஏக்யூஐ, அதாவது காற்று மாசுக் குறியீடு, 200க்கு மேல் போனால் வெளியில் எந்த மூச்சுப் பயிற்சியும் கூடாது. 300க்கு மேல் என்றால் வீட்டுக்குள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா என்ற இரண்டு வேகமூச்சுப் பயிற்சிகளையும் நிறுத்திவிட்டு, நாசிகளை மாற்றி மாற்றி மெதுவாக மூச்சு விடும் நாடிசுத்தி மட்டும் செய்யுங்கள்.

துவாரகாவிலிருந்து: என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யலாமா?

கூடாது. மூச்சு விடவே தடை இருக்கும்போது வேகமூச்சு எதற்கு?

கரோல் பாகிலிருந்து: நாடிசுத்தி செய்தால் கொஞ்ச நேரத்தில் படபடப்பு வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். முதலில் உட்காரும் விதம். சம்மணம் போட்டால் முழங்கால் இடுப்பைவிட உயரமாக நிற்கிறதா? அப்படியானால் இடுப்பு பின்னால் சாயும், முதுகு கூனும், உதரவிதானம் இறங்க இடமிருக்காது. கம்பளியை நாலாக மடித்துப் பின்பக்கம் மட்டும் உயர்த்தி உட்காருங்கள். அதுவும் முடியாவிட்டால் நாற்காலி போதும்.

வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரல் இடது நாசிக்கு. மூக்கெலும்பு முடிந்து மிருதுவான பகுதி தொடங்கும் இடத்தில் லேசாக அழுத்தினால் போதும். பலர் நடுத்தண்டே வளையும்படி அழுத்துகிறார்கள். அப்போது திறந்திருக்கும் நாசியும் அடைபடும். வலது தோள் மேலே ஏறுகிறதா, தலை சாய்கிறதா என்றும் கவனியுங்கள்.

இடது நாசியில் 4 எண்ணி இழுத்து, வலதில் 6 எண்ணி விடுங்கள். பிறகு வலதில் 4 இழுத்து, இடதில் 6 விடுங்கள். இது ஒரு சுற்று. 6 சுற்றில் நிறுத்துங்கள். மூச்சை விட்டு முடித்ததும் அடுத்த மூச்சு 'வெடுக்'கென்று பாய்ந்து வந்தால், உங்கள் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம். படபடப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். 3க்கு 4 என்று இறக்குங்கள். நடுவில் மூச்சை அடக்காதீர்கள். இழுத்தால் விடவேண்டும், அவ்வளவுதான். அப்படியும் படபடப்பு நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆர்.கே. புரத்திலிருந்து: அடக்கவே கூடாதா? திருமூலர் 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடச் சொல்கிறாரே. அவரைவிடப் பெரிய ஆசிரியர் யார்?

யாருமில்லை. ஆனால் அந்தப் பாட்டை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆதனம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பிராணாயாமத்துக்கு வருகிறார். 16, 64, 32 என்பது தேர்ந்தவரின் கணக்கு. முதல் நாள் பாடம் இல்லை.

அதே அன்பர்: என் தாத்தா ஆசிரியர் இல்லாமலே செய்தார். 80 வயது வரை திடமாக இருந்தார்.

தாத்தா திடமாக இருந்தது சந்தோஷம். அதைக் கொண்டு மற்றவர்களுக்கு விதி எழுத முடியாது. ஓர் எண்ணிக்கையை ஒரு நொடி என்று வைத்தாலும் 16, 64, 32 சேர்ந்தால் 112 நொடி, ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரே மூச்சு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அங்கிருந்து இங்கே ஒரே தாவாகத் தாவினால் என்ன ஆகும்? ஹடயோக பிரதீபிகை என்ற பழைய யோக நூலும் இதையே எச்சரிக்கிறது: சிங்கம், யானை, புலியை மெல்ல மெல்லப் பழக்குவதுபோல் மூச்சைப் பழக்கவேண்டும், இல்லையென்றால் பழகுகிறவனையே அது கொல்லும் என்கிறது.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து: ஆர்.கே. புரம் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கே டீச்சர்? 64 மாத்திரைதானே, நொடி இல்லையே. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம்.

சரி, நொடியில் பாதி என்றே வையுங்கள். 32 நொடி அடக்கவேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் அந்த நேரத்தில் தோளை இறுக்கி, தொண்டையை அடைத்து, முகம் சிவக்க உட்கார்ந்திருப்பார். அதற்குப் பெயர் கும்பகம், அதாவது முறையான மூச்சடக்கம், இல்லை.

மாளவீய நகரிலிருந்து: தொப்பை குறைய எந்த ஆசனம்?

எந்த ஆசனமும் வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது. இதே கேள்வி இன்று வேறு மூன்று பேரிடமிருந்தும் வந்திருக்கிறது. எல்லோருக்கும் இதுதான் பதில்.

நொய்டாவிலிருந்து: எனக்குக் கிளாக்கோமா என்ற கண்நோய். சிரசாசனம் செய்யலாமா?

கூடவே கூடாது. தலைகீழாக நின்றால் கண்ணழுத்தம் ஏறும். தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனமும் வேண்டாம். வேறு எதைச் செய்யலாம் என்பதைக் கண் டாக்டரைக் கேட்ட பிறகு பேசுவோம்.

ஜனக்புரியிலிருந்து: தியானத்தில் உட்கார்ந்ததும் ஆபீஸ் நினைவுதான் வருகிறது.

நேராகத் தியானத்துக்குப் போகாதீர்கள். 20 நிமிடம் ஆசனம், 5 நிமிடம் சவாசனம், 6 சுற்று நாடிசுத்தி, அதற்குப் பிறகு 10 நிமிடம் உட்காருங்கள். வெளிமூச்சை மட்டும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. தவறுவதைக் கண்டுபிடிப்பதே அங்கே வேலை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனம், பிராணாயாமம் எல்லாம் கடந்துதான் தியானத்தை வைத்தார். உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கும்போது மனசு எங்கே அடங்கும்?

ஆர்.கே. புரத்திலிருந்து: சரி டீச்சர், 4க்கு 6 என்றே ஆரம்பிக்கிறேன். கும்பகம் எப்போது?

4க்கு 8 என்று 10 சுற்று செய்த பிறகும் அடுத்த மூச்சு பதறாமல் வரவேண்டும். அது பல வாரம் நிலைத்த பிறகு, நேரில் ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து 4 இழுத்து, 4 அடக்கி, 8 விடுவது என்று தொடங்கலாம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அப்போதும் கும்பகம் கிடையாது. உங்கள் பி.பி. எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள்.