தம்பியின் ஒலி, ஒளிப் பயிற்சிக்காக நிலையான வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. 21 வயதான என் தம்பி, உயர்தரம் முடித்தபின் இரண்டு ஆண்டுகளாகத் திருகோணமலையில் ஒரு சவுண்ட் சேர்விஸ் கடையில் மாதம் ஏறக்குறைய 35,000 ரூபாய் உழைக்கிறான். கலையரங்குகளில் டெக்னீஷியனாக வேண்டும் என்று, கொழும்பில் 5 இலட்சம் ரூபாய் கட்டணமுள்ள ஓராண்டுத் தனியார் பயிற்சியில் சேர விரும்புகிறான். என்னிடம் 8 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. அப்பாவோ, அம்மாவின் நகைகளை அடகு வைத்து ஸ்பீக்கர், லைட் வாங்கிக் கொடுத்தால் சொந்தத் தொழிலாகும் என்கிறார். எது நல்லது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நகை அடகை முதலில் விலக்கிவிடுங்கள். அப்பாவின் எண்ணம் பாசத்தில் பிறந்தது. ஆனால் அடகு வட்டி மாதந்தோறும் ஏறும், வாடகை வருமானமோ பங்குனித் திருவிழாக்களில் தொடங்கி, நிலாவெளி ஹோட்டல்களின் பருவம் முடியும் செப்டெம்பரோடு மெலிந்துவிடும். பொருளும் தன் மதிப்பைக் காப்பதில்லை. ஒருகாலத்தில் ஒவ்வொரு மேடையிலும் எரிந்த 1,000 வாட் ‘பார்’ (PAR) வகை மேடை விளக்குகள், எல்.ஈ.டி. வந்தபின் பல கடைகளின் களஞ்சியங்களில் தூசி படிந்து கிடக்கின்றன.

கொழும்புப் பயிற்சியின் உண்மையான செலவு 5 இலட்சம் அல்ல. தங்குமிடம், சாப்பாடு, பயணம் ஆகியவற்றுக்கு மாதம் 40,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 4.8 இலட்சம்; தம்பி இழக்கும் சம்பளம் இன்னும் 4.2 இலட்சம். ஆக, 14 இலட்சம் ரூபாய்க்கான முடிவை 8 இலட்சத்தை வைத்துக்கொண்டு எடுக்கப் பார்க்கிறீர்கள். அதனால் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்வத்தோடு இரண்டு ஆண்டுகள் கேபிள் சுமந்த பிள்ளையின் விருப்பத்தை மதிக்கத்தான் வேண்டும். வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலின் அத்திவாரம் மின்சாரம். 1,000 வாட் விளக்கு ஒன்று நமது 230 வோல்ட் மின்சாரத்தில் நான்கு அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆறு விளக்குகளுக்கே 26 அம்பியர் ஆகிவிடுவதால், சாதாரண வீட்டின் 30 அம்பியர் இணைப்பு ஏழாவதைத் தாங்காது. இதைக் கணக்கிட்டுச் சுமையைப் பிரிக்கத் தெரிந்தவரைத்தான் அரங்குகள் நம்பும். எனவே மின் வேலைக்கான தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை, என்.வி.கியூ. 4ஆம் மட்டம் வரை, வேலையை விடாமலே பெற முடியுமா என்று தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையான நைட்டாவிலும் விசாரியுங்கள். ஏற்கெனவே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையும் அங்கே உண்டு.

அடுத்து, இங்கே மழை பிடித்து வேலை குறையும் நவம்பர் முதல் ஜனவரி வரை, கொழும்பில் ஓர் அரங்கிலோ பெரிய ஒலி, ஒளி நிறுவனத்திலோ உதவியாளராகச் சேர முயலட்டும். கடை முதலாளியின் சம்மதத்தோடு போனால், திரும்பி வர இடமும் இருக்கும். அங்கே சம்பளமே கிடைக்காவிட்டாலும், இழக்கும் கடைச் சம்பளம் தவிர, தங்குமிடம், சாப்பாடு, பயணத்துக்கான மூன்று மாதச் செலவு 1.2 இலட்சந்தான். டிஜிட்டல் மிக்ஸரிலும் ஒளிக் கட்டுப்பாட்டுப் பலகையிலும் உண்மையான நிகழ்ச்சிகளில் கைவைக்கும் அனுபவம், வகுப்பறையில் அரிதாகவே கிடைக்கும்.

இதற்காக வைப்பை இடையில் உடைத்து வட்டியை இழக்க வேண்டியதில்லை. முதிர்வுவரை பொறுக்க முடியாவிட்டால், வைப்பின் மீதே சிறு கடன் எடுக்கலாம். உயரத்தில் ஏறி வேலை செய்பவர் என்பதால், பாதுகாப்புப் பட்டிக்கும் விபத்துக் காப்புறுதிக்கும் பணம் ஒதுக்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அதன் பிறகும் அந்த ஓராண்டுப் படிப்பு தேவை என்று அவரே உணர்ந்தால் அனுப்புங்கள். பணம் கட்டுமுன், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, சான்றிதழ் என்.வி.கியூ. மட்டத்தோடு வருகிறதா, இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிரந்தர வேலை கிடைக்கும்போது, முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறாரா என்பதையும் தம்பி முதல் மாதமே கேட்க வேண்டும்.