மீராவுக்கு எது ரைம்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மகள் லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறாள். பேத்தி மீராவுக்கு அடுத்த மாதம் ஏழு வயது முடிகிறது. "தாத்தா, என் பேர் வச்சு இங்கிலீஷ்ல ரைமிங் கவிதை எழுதி அனுப்பு, கிளாஸ்ல படிக்கணும்" என்று கேட்டாள். முதல் வரியை 'மீரா' என்றும் இரண்டாம் வரியை 'கேமரா' என்றும் முடித்து எழுதி அனுப்பினேன். மகள் சிரித்துவிட்டாள், அது ரைமே இல்லையாம். பிறகு 'கேமரா'வை எடுத்துவிட்டு 'நியரர்' என்று போட்டேன். இது சரி என்றாள். ஆனால் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் மகன், இதுவும் ரைம் இல்லை என்கிறான். யார் சொல்வது சரி? மீராவுக்குப் பொருந்தும் ஆங்கிலச் சொற்கள்தான் என்ன? பேசாமல் கடையில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி அனுப்பிவிடலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வாழ்த்து அட்டையெல்லாம் வேண்டாம் ஐயா. பேத்தி கேட்டது உங்கள் கவிதையை. மகன், மகள் இருவர் சொல்வதும் சரிதான். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் 'கேமரா'வை முடித்துவிடுவோம்.

நீங்கள் யாப்பு நடத்தியவர். வரிகளின் கடைசி எழுத்து ஒன்றாக வந்தால் நமக்கு அது இயைபு. மீரா, கேமரா இரண்டும் 'ரா'வில் முடிகின்றன, நம் கணக்குக்கு அது போதும். ஆங்கிலக் காது அந்த இடத்தில் கேட்பதில்லை. ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறார்களோ, அந்த அசையின் உயிரொலியிலிருந்து கடைசி வரை எல்லா ஒலியும் ஒத்துப்போக வேண்டும். கேமராவில் அழுத்தம் விழுவது 'கேம்' மேல். மிச்சத்தை அவர்கள் விழுங்கிவிடுவார்கள், அது கிட்டத்தட்ட 'கேம்ர' என்றுதான் காதில் விழும். மீராவில் அழுத்தம் 'மீ' மேல். ஆக ஒப்பிட வேண்டியது 'கேம்ர'வையும் 'ஈரா'வையும். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. 'ஓபரா', 'அல்ஜீப்ரா' என்று ராவில் முடியும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தால் அவற்றையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேத்தியின் ஆசிரியை அவளை 'மீரா' என்று நெடிலில் முடித்துக் கூப்பிடமாட்டார். அழுத்தம் இல்லாத கடைசி உயிரை ஆங்கிலம் குறுக்கிவிடும். லண்டன் வாயில் அது 'மியர' என்பது போல வரும். நீங்கள் ரைம் தேட வேண்டியது இந்த 'மியர'வுக்கு.

இப்போது அண்ணன் தங்கை வழக்குக்கு வருவோம். (அக்கா தம்பியாகவும் இருக்கலாம், நீங்கள் எழுதவில்லை.) லண்டனிலும் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலும், சொல்லின் கடைசியில் வரும் 'ர்' எழுத்தில் இருக்கும், வாயில் வராது. அதனால் 'நியரர்' என்று எழுதியிருப்பது அங்கே 'நியர' என்று ஒலிக்கும். நடுவில் உள்ள ரகரம் இரண்டு உயிர்களுக்கு இடையில் இருப்பதால் தப்பிக்கிறது, கடைசியில் இருப்பது போய்விடுகிறது. மியர, நியர: சுத்தமான ரைம். உங்கள் மகள் கேட்டது இதைத்தான். டல்லாஸில் அந்தக் கடைசி ரகரத்தை நாக்கைச் சுருட்டி முழுசாகச் சொல்வார்கள். உங்கள் மகன் காதில் ஒரு வரி 'ர'விலும் மறு வரி 'ரர்'ரிலும் முடிகிறது. அவருக்கு அது உறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் கேட்டாலும் மகன் பக்கம்தான் தீர்ப்பு வரும், அங்கேயும் அந்த ரகரம் உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என்றால் பெரும்பாலும் மகள் பக்கம்.

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் தொடங்கியதும் இல்லை. தெற்கு இங்கிலாந்தில் பேச்சிலிருந்து அந்த ரகரம் மெல்ல மறைந்துகொண்டிருந்த காலத்தில், லண்டன்காரரான கவிஞர் ஜான் கீட்ஸ் தன் காதை நம்பி 'தார்ன்ஸ்', 'ஃபான்ஸ்' என்ற சொற்களை ரைமாகப் போட்டார். எழுத்தில் ஒன்றுக்கு ரகரம் உண்டு, மற்றதற்கு இல்லை. இப்படிப்பட்ட ரைம்களைக் காக்னி ரைம், அதாவது லண்டன் சாமானியர் பேச்சு என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். இன்று இங்கிலாந்தில் படித்தவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

கவிதை படிக்கப்படப் போவது ஹாரோவில் ஒரு வகுப்பறையில். அதனால் இந்த வழக்கில் மகள் சொல்வதைக் கேளுங்கள். இணையத்தில் ரைம் தேடித்தரும் கருவிகளிடம் போனால் ஒரு எச்சரிக்கை. இந்த வேலைக்கு அதிகம் பயன்படும் இலவச உச்சரிப்பு அகராதி, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தொகுத்தது. 1,34,000 சொற்களுக்கு மேல் உண்டு, ஆனால் எல்லாமே வட அமெரிக்க உச்சரிப்பு. அதை நம்பி இயங்கும் கருவி உங்கள் மகனைப் போலத்தான் பேசும்.

கருவியே வேண்டாம் என்பது என் கட்சி. முதல் மெய்யைக் கழற்றிவிட்டு, 'இயர' என்பதற்கு முன்னால் ஆங்கில மெய்களை ஒவ்வொன்றாக மாட்டிச் சொல்லிப் பாருங்கள். டியரர், கிளியரர், ஹியரர் என்று வரிசையாக வரும். இவை எல்லாம் லண்டன் கூட்டணி. இரண்டு ஊருக்கும் பொதுவானவை வேண்டுமென்றால் எழுத்திலேயே 'ரா' என்று முடிகிற சொற்களைப் பிடிக்க வேண்டும். யுகம் என்ற பொருளில் வரும் 'ஈரா' இருக்கிறது. துருக்கி நாணயம் 'லீரா' இருக்கிறது, யூரோ வரும்வரை இத்தாலியிலும் அதே பெயர்தான். 'வீரா' என்று அவர்களிடம் ஒரு பெண் பெயர் உண்டு. கிரேக்கக் கதையில் வரும் சிங்கத் தலை, ஆட்டு உடல், பாம்பு வால் கொண்ட விலங்குக்கு 'கைமீரா' என்று பெயர், ஏழு வயதுக் குழந்தைக்கு இது கட்டாயம் பிடிக்கும். அங்குள்ள இந்திய உணவகங்களின் தயவில் 'ஜீரா' என்றாலும் லண்டனில் பலருக்குப் புரியும். சீரகத்தை வைத்துப் பிறந்தநாள் கவிதை எழுதுவது உங்கள் திறமை.

இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரு ரைம் செய்வதும் அவர்களிடம் பழக்கம். 'சியர் ஹெர்' என்பதை வேகமாகச் சொன்னால் ஹகரம் கரைந்து 'சியர' என்றாகிவிடும். அவளுக்காக ஆரவாரம் செய்யுங்கள் என்று பொருள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்ல ஏற்ற வரி.

எனக்குப் பிடித்ததைக் கடைசியில் வைத்திருக்கிறேன்: மடீரா. அட்லாண்டிக்கில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு. அங்கே தயாராகும் வைனுக்கும் அதே பெயர். அந்த வைனோடு சேர்த்துச் சாப்பிட்டதால் இங்கிலாந்தில் ஒரு கேக்குக்கு மடீரா கேக் என்று பெயர் வந்துவிட்டது. கேக்கில் வைன் கிடையாது, பயப்பட வேண்டாம். வெண்ணெய், முட்டை, மாவு, கொஞ்சம் எலுமிச்சை வாசனை, அவ்வளவுதான். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும், மீராவும் சாப்பிட்டிருப்பாள். பிறந்தநாளுக்குக் கேக்கை விடப் பொருத்தமான ரைம் வேறு என்ன வேண்டும்?

சொல் கிடைத்துவிட்டது, எந்த வடிவத்தில் எழுதுவது? லிமரிக் என்ற வேடிக்கைக் கவிதை வேண்டாம். ஐந்து வரியில் ஒன்று, இரண்டு, ஐந்து மூன்றும் ரைமாக வேண்டும், மீராவுக்கு இன்னும் இரண்டு சொல் தேட வேண்டியிருக்கும். லிமரிக்கைப் பரப்பிய எட்வர்ட் லியரே 1846ல் வெளியிட்ட தொகுப்பில் பல இடங்களில் முதல் வரியின் கடைசிச் சொல்லையே ஐந்தாவது வரியிலும் திருப்பிப் போட்டுச் சமாளித்திருக்கிறார். உங்களுக்கு ஏற்றது கிளெரிஹ்யூ. பெயர்தான் வாயில் நுழையாது, வடிவம் ரொம்ப எளிது. எட்மண்ட் கிளெரிஹ்யூ பென்ட்லி என்பவர் பள்ளி மாணவராக இருந்தபோது விளையாட்டாகக் கண்டுபிடித்தது, 1905ல் புத்தகமாகவும் வந்தது. நான்கே வரி. முதல் வரி ஒருவர் பெயரில் முடியும், இரண்டாம் வரி அந்தப் பெயருக்கு ரைம். மூன்றும் நான்கும் தனி ஜோடி. சீர் கணக்கு எதுவும் இல்லை, வரிகள் கோணல்மாணலாக இருப்பதுதான் அழகே. யாப்பு நடத்திய உங்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிரபலமான முதல் முயற்சி, சோடியத்தைப் பிரித்தெடுத்த விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி பற்றியது. டேவிக்கு அவர் பிடித்த ரைம் 'கிரேவி', நாம் பரோட்டாவுக்கு ஊற்றிக்கொள்கிறோமே அதே சொல்தான். பெரிய மனிதர் பெயருக்குப் பக்கத்தில் குழம்பைக் கொண்டுவந்து வைத்ததுதான் வேடிக்கை.

ஒரு மாதிரிக்கு நான் கிறுக்கியது இது:

மை லிட்டில் மீரா
ஏட் ஆல் தி மடீரா.
ஷி லெஃப்ட் ஒன் க்ரம்
ஃபார் டாட் அண்ட் மம்.

முழுக் கேக்கையும் சின்ன மீரா தின்று தீர்த்துவிட்டு, அப்பா அம்மாவுக்கு ஒரே ஒரு துணுக்கு வைத்தாள் என்கிறது. இதை அப்படியே அனுப்பாதீர்கள். தாத்தா எங்கே என்று அவள் கேட்பாள். கடைசி ஜோடியை மாற்றி உங்களை உள்ளே கொண்டுவாருங்கள். திண்டுக்கல்லுக்கு ஒரு துண்டுகூட வரவில்லை என்று சண்டை போடுங்கள்.

'மீரா'வை வரியின் நடுவில் வைத்துவிட்டால் ரைம் தொல்லையே இல்லை என்பதும் உண்மை. வரிக் கடைசியில் 'டே', 'பிளே' போன்ற சுலபமான சொற்களைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். வாழ்த்து அட்டைக்காரர்கள் செய்வது அதைத்தான். ஆனால் குழந்தை கேட்டது தன் பெயர் ஒலிக்கும் கவிதை. முதல் வரியிலாவது பெயர் கடைசியில் வரட்டும்.

வகுப்பில் படிக்கப்போவதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு வயதுக் குழந்தைகள் கவிதையை மறந்துவிடுவார்கள், ரைமை மறக்கமாட்டார்கள். அடுத்த நாளே விளையாட்டு மைதானத்தில் அதுதான் அவள் பட்டப்பெயர். ஆங்கிலேயர்களுக்கு இது பழைய வழக்கம். ராபர்ட்டைச் சுருக்கி ராப், அதற்கு ரைமாக பாப். வில்லியமிலிருந்து வில், அதிலிருந்து பில். ரிச்சர்ட், ரிக், டிக். மார்கரெட்கூட மெக் ஆகி, பிறகு பெக் ஆனாள். இடைக்காலத்தில் ராபர்ட்டுக்கு ஹாப், டாப் என்றும் இருந்தன, ஹாப்சன், டாப்சன் என்ற குடும்பப் பெயர்கள் அப்படி வந்தவை. அதனால் மீராவை 'மடீரா' என்று நாலு பேர் கூப்பிட்டால் பரவாயில்லை. 'ஸ்மியரர்', 'ஜியரர்' போன்றவையும் அச்சாகப் பொருந்தும்தான், முதலாவது பூசி மெழுகுபவர், இரண்டாவது ஏளனம் செய்பவர். அவற்றை நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எழுதி முடித்ததும் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பாமல், போனில் மகளிடம் படித்துக் காட்டுங்கள். பிறகு மகளை ஒருமுறை அவர் பேசுகிற பாணியில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணுக்குப் பொருந்தி காதுக்குப் பொருந்தாத இடம் இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். மகனிடம் காட்டினால், அமெரிக்காவில் 'மாம்' என்பார்களே, 'க்ரம்'முக்கு அது எப்படி ரைமாகும் என்று ஆரம்பிப்பார். இந்தக் கவிதை ஹாரோவுக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கவிதை எழுதும் தாளில் ஆங்கிலத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், இரண்டு வரி தமிழுக்கு. அங்கே வரி முடிவைப் பற்றிய கவலை இல்லை. முதல் அடி 'மீரா' என்று தொடங்கினால் அடுத்த அடிக்குத் 'தீரா' என்று எதுகை காத்திருக்கிறது. மீதியை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை ஐயா.