பூனைக்கு உலர் தீனியா, ஈர உணவா?

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு நான்கு வயது, கருத்தடை செய்தாகிவிட்டது, எடை 5.5 கிலோ. கிண்ணம் நிறைய உலர் தீனியை வைத்துவிட்டு வேலைக்குச் செல்கிறோம். தண்ணீரை அது அதிகம் சீண்டுவதில்லை. ஈர உணவுக்கு மாற்றச் சொல்கிறார்கள், விலையோ அதிகம். எது நல்லது?

பதில்: உங்கள் கேள்வியில் விலையைவிட என்னைக் கவலைப்படுத்துவது, தண்ணீரைச் சீண்டுவதில்லை என்ற வரிதான். வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப்பூனைக்குத் தாக உணர்வு குறைவு. அதற்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி இரையின் உடலிலிருந்தே கிடைத்துவந்தது. எலியின் உடலில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம். உலர் தீனியிலோ 10 சதவீதம்கூடத் தேறுவது அரிது. உலர் தீனி தின்னும் பூனை சற்றுக் கூடுதலாகக் குடிக்கும் என்றாலும், அந்தக் குறை முழுவதும் ஈடாவதில்லை. சிறுநீர் கெட்டிப்பட்டால் அதில் உப்புப் படிகங்கள் சேரக்கூடும். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது என்பதால் அங்கே அடைப்பு ஏற்படும் ஆபத்து அதிகம்.

இரண்டாவது, எடை. உலர் தீனி 100 கிராமில் 350 முதல் 400 கலோரி அடங்கியிருக்கும்போது, கருத்தடை செய்த பூனைக்கு நிறைந்த கிண்ணத்தை நாள் முழுவதும் திறந்து வைப்பது அதைக் கொழுக்க வைக்கும் வழியாகும்.

ஆயினும் முழுக்க மாற்ற வேண்டியதில்லை. 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்றைக் காலையும் இரவும் பாதிப் பாதியாகக் கொடுத்து, உலர் தீனியைச் சமையலறைத் தராசில் நிறுத்து 40 கிராமோடு நிறுத்தினால், செலவும் கட்டுக்குள் இருக்கும், 65 மில்லிலிட்டர் அளவு நீரும் உணவோடு உள்ளே போகும். முழுமையான உணவு என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். சில பாக்கெட்டுகள் வெறும் தின்பண்டமே. நம் வெயிலில் ஈர உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து, கொடுக்கும்போது கிண்ணத்தை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தினால் மணம் எழும், பூனையும் தேடி வரும். உலர் தீனி பல்லைச் சுத்தமாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண உருண்டைகள் பல் நுனியிலேயே நொறுங்கிவிடுவதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மாற்றத்தைப் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள். பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடுவது பூனைக்குப் பொருந்தாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாதிருந்தால் கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மணல் தட்டில் அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் சொட்டாகவே வந்தால், அதை மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திராமல், நள்ளிரவானாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.