நஞ்சுக்கொடி பலவீனம் என்றால் குழந்தையின் இதயத்தை ஏன் பார்க்கிறார்கள்?

கேள்வி: எனக்கு 29 வயது, முதல் கர்ப்பம், 20-வது வாரம். 12-வது வார ரத்தப் பரிசோதனையில் ‘பாப்-ஏ 0.3’ என்று வந்தது. டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு குறைவுதான் என்று சொல்லி, இரவில் ஆஸ்பிரின் 150 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். ரத்தக்கசிவு வருமோ என்று பயந்து இரண்டு வாரமாக நிறுத்திவிட்டேன். இப்போது குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனில் ‘கர்ப்பப்பை ரத்தக்குழாய் டாப்ளர் (ரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பின் அளவு) அதிகம், இதயத்தின் நான்கு அறைகள் இயல்பு’ என்று இருக்கிறது. டாக்டர் ஃபீட்டல் எக்கோ, அதாவது கருவிலுள்ள குழந்தையின் இதய ஸ்கேன், எடுக்கச் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் இதயநோய் இல்லை. குறை நஞ்சுக்கொடியில்தானே, இதயத்தை ஏன் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் மாத்திரை. இன்றைக்கே டாக்டரை அழைத்து, நிறுத்திவிட்டதைச் சொல்லுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தப்போக்கு இவையெல்லாம் இல்லையென்றால் பெரும்பாலும் மறுபடி தொடங்கச் சொல்வார். 2017-இல் வெளியான ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகள் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36-வது வாரம் வரை இரவுதோறும் 150 மி.கி. எடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் முடியும் ப்ரீஎக்லாம்ப்சியா என்ற ரத்தக்கொதிப்புச் சிக்கல் அவர்களிடம் 62 சதவீதம் குறைந்தது. மாத்திரையைத் தவறவிடாதவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். நீங்கள் சரியான நேரத்தில் தொடங்கியவர்; அந்தப் பலனை இடையில் விட்டுவிடாதீர்கள்.

இனி இதயத்துக்கு வருவோம். பேச்சுவழக்கில் தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும் ஒன்றாகிவிடுகின்றன. தொப்புள்கொடி கயிறு மாதிரி; நஞ்சுக்கொடி, அந்தக் கயிறு போய்ச் சேருகிற, கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் தட்டையான உறுப்பு. நிறைமாதத்தில் சுமார் அரை கிலோ இருக்கும். அது தாயின் உறுப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி, குழந்தை உருவான அதே கருவிலிருந்து வளர்வது. இதயத்தோடு அதற்குள்ள உறவு இங்கிருந்தே தொடங்குகிறது.

கருத்தரித்த 22-ஆம் நாள் வாக்கில் இதயக்குழாய் துடிக்கத் தொடங்கும். எட்டாவது வாரம் முடிவதற்குள் அது வளைந்து, தடுப்புச் சுவர்கள் எழுந்து, நான்கு அறைகளாகிவிடும். அதே வாரங்களில்தான் நஞ்சுக்கொடியும் விரல்போன்ற கிளைகளை விட்டு, அவற்றுக்குள் ரத்தக்குழாய்களை அமைக்கிறது. இரண்டுக்கும் ரத்தக்குழாய் கட்டும் மரபணுக்கள் பல பொது. 1999-இல் எலிகளில் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது: ‘பிபார் காமா’ என்ற மரபணு இல்லாத எலிக்கருவில் இதயச்சுவர் மெலிந்துபோனது, ஆனால் அதே கருவுக்கு நல்ல நஞ்சுக்கொடி அமையச் செய்தபோது இதயம் சரியாக வளர்ந்தது. கோளாறு தெரிந்த இடம் இதயம், அதன் வேர் நஞ்சுக்கொடியில். 2018-இல், கருவிலேயே இறந்துபோகும் நூற்றுக்கும் மேற்பட்ட எலி வகைகளைப் பரிசோதித்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நஞ்சுக்கொடிக் குறை இருந்தது. அந்தக் குறையோடு சேர்ந்து அதிகம் வந்தவை இதயம், மூளை, ரத்தக்குழாய்க் கோளாறுகள்.

எலியில் கண்டதை அப்படியே உங்கள் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. ‘பாப்-ஏ’ என்பது நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு புரதம். அதே வாரக் கர்ப்பிணிகளின் நடுமதிப்பில் சுமார் 0.4 மடங்குக்குக் கீழே போனால் நஞ்சுக்கொடி ஊன்றியது சற்று பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது இதயக்குறை உண்டு என்பதற்கான அறிகுறி அல்ல. அப்படியென்றால் எக்கோ எதற்கு? உங்கள் ரிப்போர்ட்டில் ‘நான்கு அறைகள்’ மட்டுமே எழுதியிருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. இதயத்திலிருந்து வெளியேறும் இரு பெருங்குழாய்கள் இடம் மாறியிருந்தாலும், ஃபாலோ நால்வகைக் குறை (நான்கு கோளாறுகள் சேர்ந்து வரும் பிறவி இதயக்குறை) இருந்தாலும் நான்கு அறைகள் ஒழுங்காகவே தெரியக்கூடும். வெளியேறு குழாய்களும் மூன்று குழாய்க் காட்சியும் (இதயத்துக்கு மேலே பெருங்குழாய்கள் அடுத்தடுத்துத் தெரியும் கோணம்) பார்க்கப்பட்டனவா என்று ரிப்போர்ட்டில் தேடுங்கள். அந்த வரிகள் இல்லையென்றால் எக்கோ அவசியம். பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு எட்டுப் பேர் அளவில் இதயக்குறை இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் யாருக்கும் அது இருந்ததில்லை. எடுப்பதானால் 18 முதல் 24 வாரத்துக்குள், அதிலும் சீக்கிரம் எடுப்பது நல்லது. பெரிய குறை தெரிந்தால் யோசிக்கவும், இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள ஊரில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யவும் நாள் வேண்டும். மிகச் சிறிய ஓட்டைகள் எக்கோவில் தப்பலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எக்கோ இயல்பாக வந்தாலும் கவனிப்பு நிற்கக் கூடாது. இதுதான் பலருக்கும் விட்டுப்போகிறது. கருவில் நுரையீரல் வேலை செய்வதில்லை. குழந்தையின் இதயம் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்கு அனுப்பித்தான் ஆக்சிஜன் வாங்குகிறது. 20-வது வாரத்தில் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே போகிறது. நஞ்சுக்கொடியில் கிளைக்குழாய்கள் குறைவாக இருந்தால் எதிர்ப்பு கூடும். அடைத்த குழாயில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் போல, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகத் தள்ள வேண்டும். நாள்பட இப்படி உழைத்த இதயம் உருண்டு, தசை தடித்துப்போவது வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் காணப்படுகிறது.

ஆகவே 28-வது வாரத்தில் வளர்ச்சி ஸ்கேன்; பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. எடை மட்டும் போதாது. தொப்புள்கொடித் தமனி டாப்ளரும் கேளுங்கள். இதயம் துடிப்புக்கு இடையே ஓய்வெடுக்கும் நேரத்திலும் அந்தத் தமனியில் ரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். ‘ஓட்டம் இல்லை’, ‘பின்னோக்கி ஓடுகிறது’ என்று எழுதியிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்துக் கடையில் உடல்வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். கருவில் நுரையீரலைத் தவிர்த்து ரத்தத்தைத் திருப்பிவிடும் குழாய் ஒன்று உண்டு. பிறந்த பிறகு மூட வேண்டிய அதை இந்த மருந்துகள் முன்கூட்டியே சுருக்கிவிடும். உங்கள் குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு இது பொருந்தாது. வலிக்குப் பாரசிட்டமால், அதுவும் கேட்டுவிட்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யுங்கள்; இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் சிகிச்சை வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் போடுங்கள்.

பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் இரண்டு கேட்டு வையுங்கள். நஞ்சுக்கொடியை எறிந்துவிடாமல் எடை பார்த்து நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா? அடுத்த கர்ப்பத்துக்கு அந்த ரிப்போர்ட் மிகவும் பயன்படும். இன்னொன்று, குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்களா? 95 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்த்து, அதன் பிறகும் அப்படியே இருந்தால் எக்கோ எடுக்க வேண்டும்.