சேலத்துலயே சேக்கறதா, பெங்களூர் அனுப்பறதா? காலேஜ் செலவு கேள்வி பதில்

வணக்கங்க. ஒரு பேங்க்ல எஜுகேஷன் லோன் செக்‌ஷன்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ நான், இப்ப சூரமங்கலத்துல இருக்கேன். ரிசல்ட் வந்ததுல இருந்து ஒரே கேள்விய பல பேரு பல விதமா கேக்கறீங்க, வெளி மாநிலம் அனுப்புனா எவ்ளோ ஆகும், இங்கயே படிச்சா எவ்ளோ ஆகும்னு. ஒவ்வொண்ணா பதில் போடறேன்.

கேள்வி (ஓமலூர்): அக்கா, பையன் கட்ஆஃப் 168. பெங்களூர்ல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் தர்றோம்னு சொல்றாங்க, வருஷம் ரெண்டரை லட்சம். இங்க கவுன்சிலிங்ல போனா என்ன பெருசா மிச்சமாகப் போகுது? எங்க வீட்ல யாரும் டிகிரி படிக்கல.

பதில்: கடைசியா ஒரு வரி சொன்னீங்களே தம்பி, அதுலதான் விஷயமே இருக்கு. வீட்ல யாரும் டிகிரி இல்லன்னா பையன் முதல் பட்டதாரி. கவுன்சிலிங் மூலமா தனியார் காலேஜ்ல சேந்தா டியூஷன் ஃபீஸ்ல வருஷம் 25,000 அரசாங்கம் கட்டிரும். ஃபீஸ் நிர்ணயிக்கற கமிட்டி 2017ல போட்ட கணக்குப்படி கவுன்சிலிங் சீட்டுக்கு சாதாரண காலேஜ்ல 50,000, அக்ரெடிட்டேஷன் (தர அங்கீகாரம்) உள்ள பிரிவுக்கு 55,000, சேர்றதுக்கு முன்னாடி இந்த வருஷ லிஸ்ட்ட ஒரு தடவ பாத்துக்குங்க. 55,000லயே வச்சாலும் சலுகை போக நீங்க கட்டறது 30,000, நாலு வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சத்துக்கும் கம்மி. காலேஜ் பஸ் வருஷம் 30,000, பரீட்சை ஃபீஸ், புக்கு, லேப்டாப்னு வருஷம் 20,000 சேத்துக்குங்க, அப்பவும் மூணேகால் லட்சத்துக்குள்ள முடிஞ்சிரும்.

இப்ப பெங்களூர். ஃபீஸ் மட்டும் பத்து லட்சம். பிஜில (பேயிங் கெஸ்ட் விடுதி) சாப்பாட்டோட மாசம் பத்தாயிரம்னா வருஷம் ஒரு லட்சத்துக்கு மேல, லீவுல ஊருக்கு வந்தாலும் ரூம் வாடகை ஓடிட்டேதான் இருக்கும், அட்வான்ஸ் வேற தனி. போக வர, கைச்செலவு எல்லாம் சேத்தா பதினஞ்சு லட்சத்துக்கு வந்து நிக்கும். பன்னண்டு லட்சம் வித்தியாசங்க. ஓமலூர் பக்கம் ஒரு வீட்டு மனைக்கே அட்வான்ஸ் குடுக்கற காசு அது.

இன்னொண்ணு. பெங்களூர்ல நம்ம சொந்தக்காரப் பையன் கம்மி ஃபீஸ்ல படிக்கிறானேன்னு சொல்லுவாங்க, அவன் அங்கயே பள்ளிக்கூடம் படிச்சவனா இருப்பான். கர்நாடகா அரசு கோட்டா சீட்டு கேசிஇடிங்கற அவங்க மாநில நுழைவுத் தேர்வு மூலமா போகுது, பொதுவா அந்த மாநிலத்துலயே ஏழு வருஷம் படிச்சிருக்கணும். நம்ம புள்ளைங்களுக்கு காமெட்கே (அங்க தனியார் காலேஜுங்களுக்கான நுழைவுத் தேர்வு) இல்லன்னா மேனேஜ்மென்ட் சீட்டு, ரெண்டுமே விலை ஜாஸ்தி. ஒரே கிளாஸ்ல பக்கத்து பெஞ்சு பையன் கட்டறத விட ரொம்ப ஜாஸ்தியா நம்ம கட்டணும்.

168க்கு சேலம், நாமக்கல், ஈரோடு சுத்தி எந்தெந்த காலேஜ் கிடைக்கும்னு போன வருஷ கட்ஆஃப் லிஸ்ட்டப் பாருங்க, அதப் பாக்காம பெங்களூர்ல அட்வான்ஸ் கட்டவே கட்டாதீங்க.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): அப்போ தமிழ்நாட்டுக்குள்ளயே இருக்கற டீம்டு யுனிவர்சிட்டில சேத்தா இந்த சலுகை கிடைக்கும்தானே மேடம்?

பதில்: கிடைக்காதுங்க. விஐடி, எஸ்ஆர்எம் மாதிரி இடங்க தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல வராது, ஃபீஸும் அவங்க வைக்கறதுதான். ஊரு தமிழ்நாடா இருந்தாலும் செலவுக் கணக்குல வெளி மாநிலம் மாதிரியே வச்சுக்குங்க. சாதாரண காலேஜ்லயே மேனேஜ்மென்ட் கோட்டால போனாலும் முதல் பட்டதாரி சலுகை கிடையாது.

கேள்வி (சங்ககிரி): நான் லாரி ஓட்டறேன், வருஷ வருமானம் மூணு லட்சம் கிட்ட. எம்பிசி. பொண்ணுக்கு ஜேஇஇல கர்நாடகா சூரத்கல் என்ஐடி கிடைக்கும் போல இருக்கு. வெளி மாநிலம்னு சொந்தக்காரங்க எல்லாம் வேண்டாங்கறாங்க, கருப்பூர் அரசு காலேஜ்லயே சேத்துருன்னு சொல்றாங்க. என்னங்க பண்றது?

பதில்: அண்ணா, தயவுசெஞ்சு அந்த சீட்ட விட்டுடாதீங்க. மேல ஓமலூர்க்காரருக்கு சொன்னது வேற, இது வேற. என்ஐடி, ஐஐடி எல்லாம் மத்திய அரசு நிறுவனம், அங்க ஃபீஸுக்கு எந்த மாநிலம்ங்கற வித்தியாசமே கிடையாது. என்ஐடில சொந்த மாநிலத்துக்குன்னு பாதி சீட்டு ஒதுக்குவாங்க, அது சீட்டுக்கு மட்டுந்தான். மங்களூர் பொண்ணு கட்டற அதே டியூஷன் ஃபீஸ்தான் சங்ககிரிப் பொண்ணுக்கும்.

டியூஷன் ஃபீஸ் செமஸ்டருக்கு 62,500, வருஷம் ஒண்ணேகால் லட்சம். இதக் கேட்டுத்தான் உங்க சொந்தக்காரங்க பயந்திருப்பாங்க. ஆனா குடும்ப வருமானம் ஒரு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சத்துக்குள்ள இருந்தா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி, ஒரு லட்சத்துக்குக் கீழ இருந்தா முழுசும் தள்ளுபடி, எஸ்சி எஸ்டி புள்ளைங்களுக்கு வருமானமே பாக்காம டியூஷன் ஃபீஸ் கிடையாது. உங்க கணக்குக்கு வருஷம் 41,700 கிட்ட வரும். ஹாஸ்டல், மெஸ் தனி, அது கண்டிப்பா ஆகும். கருப்பூர் அரசு காலேஜ் ஃபீஸ் இத விட ரொம்பக் கம்மிதான், நல்ல காலேஜும்தான், 1966ல இருந்து நடக்குது, அதக் குறைச்சு சொல்லல. ஆனாலும் என்ஐடில கிடைக்கற பிரிவு உங்க பொண்ணு ஆசைப்பட்டதா இருந்தா அந்த வித்தியாசம் தாங்கக்கூடிய வித்தியாசந்தான். சேலம் ஜங்ஷன்ல ராத்திரி ரயில் ஏறுனா மறுநாள் மங்களூர், அங்க இருந்து சூரத்கல் பக்கந்தான்.

ஒரு விஷயம் மட்டும் இன்னைக்கே பாருங்க. நம்ம ஊர் எம்பிசி சர்டிஃபிகேட் அங்க செல்லாது. மத்திய அரசு ஓபிசி நான் கிரீமி லேயர் சர்டிஃபிகேட்னு தனியா இருக்கு, இ-சேவைல போட்டு தாசில்தார் ஆபீஸ்ல வாங்கணும், இந்த வருஷம் ஏப்ரல் 1க்கு அப்புறம் தேதி போட்டதா இருக்கணும். உங்க சாதி மத்திய லிஸ்ட்ல இருக்கான்னும் பாத்துக்குங்க. அது இல்லாம போய் நின்னு சீட்டு போன புள்ளைங்கள நான் பாத்திருக்கேன், மனசு ஆறல. வருமான சர்டிஃபிகேட்டையும் கையோட வாங்கிருங்க, தள்ளுபடிக்கு அதத்தான் கேப்பாங்க.

கேள்வி (ஏற்காடு, நாகலூர் பக்கம்): அக்கா, நாங்க மலையாளி எஸ்டி, அப்பா காப்பித் தோட்டத்துல வேலை. பெங்களூர்ல நர்சிங் சேத்து விடறேன், எல்லாம் ஸ்காலர்ஷிப்ல ஃப்ரீன்னு ஒரு புரோக்கர் வந்து அசல் சர்டிஃபிகேட் எல்லாம் கேக்கறார். தரலாமா?

பதில்: வேண்டாம் கண்ணு. அசல எந்த புரோக்கர் கைலயும் குடுக்காத, காலேஜே ஆனாலும் சரி பாத்துட்டு திருப்பித் தரணும், பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யுஜிசியே சொல்லிருக்கு.

ஸ்காலர்ஷிப் விஷயத்த நல்லா புரிஞ்சுக்க. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு (பத்தாவதுக்கு மேல படிக்கறவங்களுக்கு அரசாங்கம் தர்றது) குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், நீ வேற மாநிலத்துல படிச்சாலும் சொந்த மாநிலந்தான் தரணும். ஆனா மேனேஜ்மென்ட் கோட்டா, ஸ்பாட் அட்மிஷன்னு போனா அது கிடைக்காமப் போக நெறய வாய்ப்பு இருக்கு. புரோக்கர் சேக்கறது பெரும்பாலும் அந்த சீட்டுதான். முதல் வருஷம் ஃப்ரீன்னு உக்கார வச்சுட்டு ரெண்டாவது வருஷம் பணம் வரல, கட்டுன்னு நிக்க வைப்பாங்க, நடுவுல விட்டுட்டு வரலாம்னா சர்டிஃபிகேட் அவங்க கைல இருக்கும்.

இன்னொண்ணும் யாரும் சொல்ல மாட்டாங்க. மலையாளி எஸ்டிங்கறது தமிழ்நாட்டுல சேலம், தர்மபுரி மாதிரி சில மாவட்டத்துக்குத்தான். கர்நாடகா அரசு கோட்டாவுல உன்ன எஸ்டியா எடுத்துக்க மாட்டாங்க. மத்திய அரசு காலேஜ்ல எடுத்துக்குவாங்க. தமிழ்நாட்டுக்குள்ளன்னா எஸ்டிக்கு இடஒதுக்கீடு உண்டு, அரசு விடுதில தங்கறதும் சாப்பாடும் இலவசம். பி.எஸ்சி நர்சிங்குக்கு இங்க ப்ளஸ் டூ மார்க்க வச்சுதான் கவுன்சிலிங். முதல்ல அதுக்கு அப்ளிகேஷன் போடு கண்ணு, கடைசி தேதிய விட்டுறாத. எஸ்டி சர்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரலன்னா கோட்டாட்சியர் ஆபீஸ்ல உடனே போய் கேளு, அதுல நாள் இழுக்கும்.

கேள்வி (அம்மாபேட்டை): தறி ஓட்டறோம். பையன் பெங்களூர்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். பத்து லட்சம் லோன் போட்டா அப்புறமா அவனே கட்டிக்குவான்னு சொல்றான். சரியா வருமா?

பதில்: கணக்க அவன்கிட்டயே காட்டுங்க. வருஷம் ரெண்டரை லட்சமா நாலு தடவை எடுக்கறீங்க, வட்டி பத்து பர்சென்ட்னு வச்சுக்குங்க. படிக்கற நாலு வருஷமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடும். முதல் ரெண்டரை லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி, அடுத்ததுக்கு நாலு வருஷம், அப்படியே போட்டா மூணரை லட்சம் வட்டியே சேந்துரும். கட்ட ஆரம்பிக்கற அன்னைக்கு கடன் பதிமூணரை லட்சம். பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. முதல் சம்பளம் இருபத்தஞ்சாயிரம்னா பெங்களூர் வாடகை போக என்ன மிஞ்சும்னு அவனையே கேளுங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. வழக்கமான லோன்ல ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து அடமானம் கேப்பாங்க. தறி இருக்கற வீட்ட வைக்கணும்னு வந்துச்சுன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். 2024ல வந்த பிஎம் வித்யாலட்சுமிங்கற மத்திய அரசு லோன் திட்டத்துல அடமானமும் கேரன்டரும் கிடையாது, ஆனா அது நாடு முழுக்க தேர்ந்தெடுத்த காலேஜுக்கு மட்டும், ஆரம்பிக்கறப்ப 860. அந்த லிஸ்ட்ல காலேஜ் இருந்து குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள்ளன்னா பத்து லட்சம் வரைக்கும் மூணு பர்சென்ட் வட்டி மானியம் உண்டு. பையன் சொல்ற காலேஜ் லிஸ்ட்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா அந்தப் பேச்ச அங்கயே நிறுத்திக்கலாம்.

கேள்வி (ஹஸ்தம்பட்டி): என் அண்ணன் குடும்பம் அமெரிக்கால இருக்கு. அங்கயும் மாநிலம் மாறுனா ஃபீஸ் ஜாஸ்தியாமே?

பதில்: ஆமாங்க, ரொம்பவே. யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாங்கற அரசு யுனிவர்சிட்டில வெளி மாநிலப் புள்ளைங்க வருஷம் முப்பதாயிரம் டாலருக்கு மேல கூடுதலாக் கட்டணும். பெரும்பாலான மாநிலத்துல உள்ளூர் ஃபீஸ் வேணும்னா சேர்றதுக்கு முன்னாடி பன்னண்டு மாசம் அங்க குடியிருந்திருக்கணும், சும்மா படிக்கறதுக்குன்னு வந்து தங்கறது கணக்குல வராது. மேற்கு மாநிலங்கள்ல ஒரு ஏற்பாடு இருக்கு, அதுல சேந்த காலேஜ்ல உள்ளூர் ஃபீஸ்ல ஒண்ணரை மடங்குக்கு மேல வாங்க மாட்டாங்க. உங்க அண்ணன் வீட்ல வேற மாநிலத்துக்கு மாறற பேச்சு இருந்தா புள்ள பதினொண்ணாவது படிக்கறப்பவே மாத்தச் சொல்லுங்க.

கேள்வி (வாழப்பாடி): பொண்ணு ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளிதான். கட்ஆஃப் 141. இன்ஜினியரிங் ஆசைப்படறா, கைல காசு இல்ல. கேரளாவுல கம்மின்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: எங்கயும் போகாதீங்கம்மா. அரசுப் பள்ளி புள்ளைங்களுக்கு 7.5 பர்சென்ட் உள் ஒதுக்கீடு இருக்கு, அதுல கவுன்சிலிங்ல சீட்டு கிடைச்சா டியூஷனும் ஹாஸ்டலும் அரசாங்கமே கட்டுது, தனியார் காலேஜா இருந்தாலும். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் அவ அக்கவுன்ட்டுக்கே வரும். தமிழ்நாட்ட விட்டு வெளிய போனா இந்த 7.5 சீட்டு கிடையாது. ஆறாவதுல இருந்து படிச்சதுக்கு ஸ்கூல்ல போனஃபைட் சர்டிஃபிகேட் வாங்கி வைங்க, நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா பழைய ஸ்கூல்லயும் வாங்கணும். அப்ளிகேஷன் போடறப்ப அந்த 7.5 கட்டத்துல டிக் பண்ணிருக்கான்னு நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க, பிரவுசிங் சென்டர்ல அவசரத்துல விட்டுருவாங்க.