சரவாங்கி வந்தால் தக்காளியை நிறுத்த வேண்டுமா?

மேலூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 52 வயது. சரவாங்கி என்கிற முடக்குவாதத்துக்கு வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுத் தக்காளி, கத்தரிக்காய், பருப்பு, தயிர் எல்லாம் விட்டுவிட்டார். 6 கிலோ இளைத்தும் விரல் வலி குறையவில்லை. என்ன கொடுக்கலாம்?"

பருப்பையும் தயிரையும் இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். மூட்டு வீங்கினாலே யூரிக் ஆசிட் என்று நினைத்துப் பருப்பை நிறுத்துகிறார்கள். யூரிக் ஆசிட்டால் வருவது கவுட் என்கிற வேறு மூட்டு நோய். சரவாங்கியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. அந்த அழற்சியிலேயே தசை கரையும். புரதமும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். 6 கிலோ இளைத்ததை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

தக்காளி, கத்தரிக்காய் சரவாங்கியைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சந்தேகம் தீரவில்லையா? ஒரே ஒரு பொருளை 3 வாரம் நிறுத்துங்கள். அம்மா எழுந்ததிலிருந்து தண்ணீர்ச் சொம்பை ஒரு கையால் தூக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் காலண்டரில் குறியுங்கள். பிறகு அதே பொருளை ஒரு வாரம் சேர்த்துப் பாருங்கள். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். ஐந்தாறு பொருளை ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்றே பிடிபடாது.

வாரம் இரண்டு நாள் மத்தி, அயிலை குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். அதிலுள்ள ஒமேகா-3 அழற்சியைச் சற்றுத் தணிக்கும், இதயத்துக்கும் நல்லது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 340 மி.கி. கால்சியம் உண்டு, ஸ்டீராய்டு மாத்திரையும் இருந்தால் கூழோ களியோ அவசியம். முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் போகட்டும்.

முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. அரிஷ்டம் என்கிற ஆயுர்வேத மருந்து வேண்டாம்: அதில் ஆல்கஹால் உண்டு, மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை.

வலி மாத்திரையை வெறும் டீயோடு போட்டால் வயிறு புண்ணாகும். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறிக்கூடத் தினமும் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எந்தக் கிழமை என்பதையும் டாக்டரிடம் கேட்டு அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். காய்ச்சல் வந்தால் அடுத்த வேளை மெத்தோட்ரெக்சேட்டுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.