லயத்துக் கூரையும் தூரத்துப் போரும்

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்திப்பில் மாதம் ஒரு முறை இடதுசாரித் தோழர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, காஸா போருக்கும் ஐரோப்பாவில் வளரும் தீவிர வலதுசாரிகளுக்கும் இனவெறிக்கும் எதிராகப் பதாகை பிடித்து நிற்கிறார்கள். மழை வந்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) கூரை ஒழுகுகிறது. அதைப் பேச ஆள் இல்லை. தோட்ட வேலையை எல்லாம் வடக்கிலிருந்து வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதையும் பேச ஆள் இல்லை. எங்கோ நடக்கிற போருக்கு வண்டிப்பெரியாற்றில் நின்று கத்தினால் யார் காதில் விழும்?
– ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம், கேரளம்

பதில்: யார் காதில் விழும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1973 செப்டம்பர் 11 அன்று சிலி நாட்டு விமானப்படையின் ஹாக்கர் ஹன்டர் விமானங்கள் தம் நாட்டு அதிபர் மாளிகையின் மீதே குண்டு வீசின. அதிபர் அயெந்தேயின் இடதுசாரி ஆட்சி கவிழ்ந்து பினோசேயின் இராணுவ ஆட்சி வந்தது. சிலியின் அந்த விமானங்களுக்கான இயந்திரங்கள் பழுதுபார்ப்பதற்காக ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைடு என்னும் ஊரில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஆலைக்கு வந்தபோது, அங்கே பரிசோதகராக இருந்த பாப் ஃபுல்டன் என்ற தொழிலாளி அவற்றைத் தொட மறுத்தார். உடன் வேலை செய்தவர்களும் அவரோடு நின்றார்கள். நான்கு ஆண்டுகள் அந்த இயந்திரங்கள் ஆலை முற்றத்தில் மழையில் கிடந்தன. தங்கள் மறுப்பினால் சிலியில் ஏதாவது நடந்ததா என்பது அந்தத் தொழிலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் வரை தெரியாது. 2015-இல் சிலி அரசு அவர்களில் மூவருக்குத் தன் உயரிய விருதை வழங்கியது. கத்தியது யார் காதில் விழுந்தது என்று அன்றைக்கே கணக்குக் கேட்டிருந்தால், அவர்களும் இயந்திரத்தைப் பழுதுபார்த்து அனுப்பிவிட்டுச் சம்பளம் வாங்கியிருப்பார்கள்.

அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்பீர்கள். 2024 பிப்ரவரியில் நம் நாட்டின் 11 பெரும் துறைமுகங்களில் வேலை செய்யும் தொழிலாளர்களின் கூட்டமைப்பு ஒன்று, இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய அக்டோபரில், இஸ்ரேல் காவல்துறைக்குச் சீருடை தைத்து அனுப்பிக்கொண்டிருந்த கண்ணூர் மாவட்டத்து ஆடை நிறுவனம் ஒன்று, அமைதி திரும்பும்வரை புதிய ஆர்டர்களை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. தைத்தவர்களில் பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். ஆகவே ‘எங்கோ நடக்கிற போர்’ என்று நீங்கள் சொல்லுவது வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு நாள் பேருந்துப் பயணத் தூரத்தில் ஊசியும் நூலுமாக நடந்துகொண்டிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் கவி என்னும் மலையூருக்குப் போய்வாருங்கள். அங்கே ஏலத்தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள் இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மண்ணில் இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியபோது, அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய நீங்கள் எழுதியிருக்கிற அதே வாக்கியம்தான்: வெளியிலிருந்து வந்து நம் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வாக்கியமே. 2024 ஜூலை இறுதியில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய் பரவியது. தீவிர வலதுசாரிக் கும்பல்கள் பல ஊர்களில் பள்ளிவாசல்களையும் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளையும் தாக்கின. இந்தியத் தூதரகம் தன் குடிமக்களை எச்சரிக்கையாக இருக்கும்படி ஆகஸ்ட் 6 அன்று அறிவுறுத்தியது. கேரளத்திலிருந்து போய் அங்குள்ள மருத்துவமனைகளில் வேலை செய்யும் செவிலியர்களின் வீடுகளில் அன்றிரவு எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மறுநாள் மாலை, தாக்கப்படும் என்று சொல்லப்பட்ட குடியேற்ற ஆலோசனை மையங்களைக் காக்க, லண்டனின் வால்தம்ஸ்டோ உட்படப் பல ஊர்களில் ஆயிரக்கணக்கான உள்ளூர் மக்கள் தெருவில் இறங்கி நின்றார்கள்; பெரும்பாலான இடங்களில் கலவரக்காரர்கள் வரவே இல்லை. அந்தக் கூட்டங்களைக் கூட்டியவர்களில் பலர் அதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் ஏதோ ஒரு சந்திப்பில் பத்துப் பதினைந்து பேராகப் பதாகை பிடித்து நின்றவர்கள்தாம். முன்கூட்டியே ஒருவரையொருவர் அறிந்திராத ஆயிரம் பேரை ஒரே நாளில் திரட்ட முடியாது.

நம் மலையில் அப்படி யாரும் நிற்காத நாட்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை தகராறு முற்றியபோது, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டுக் குழந்தை குட்டிகளோடு மலைப்பாதை வழியாகத் தேனிப் பக்கம் இறங்கினார்கள். கீழே கம்பம் பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு என்று இரு மாநிலங்களின் இடதுசாரிகளும் அவரவர் மாநிலத்தின் கோரிக்கையைத்தான் உரக்கப் பேசினார்கள். குமுளிச் சோதனைச் சாவடியில் இரு பக்கத்துத் தொழிலாளரும் கைகோத்து நிற்கும்படி செய்ய அவர்களால் இயலவில்லை. உங்கள் ஊர்த் தோழர்கள்மீது எனக்குக் குறை உண்டென்றால், காஸாவைப் பேசுவதற்காக அல்ல, இதற்காகத்தான். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் எழுந்தபோது, நிர்வாகத்தின்மீது இருந்த அதே கோபத்தைத் தொழிற்சங்கத் தலைவர்கள்மீதும் காட்டினார்கள். இடதுசாரித் தலைவர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

இப்போது கூரைக்கு வருகிறேன். நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிற இரண்டு குறைகளும் ஒரே குறைதான். தொழிலாளிக்கு ஒழுகாத வீடு தருவது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின்மீது சுமத்திய கடமை. உங்கள் பீர்மேடு வட்டத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பூட்டப்பட்ட தோட்டங்களின் லயங்களில் அந்தக் கடமையைக் கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. நம் பிள்ளைகள் இந்தக் கூலிக்கும் இந்த வீட்டுக்கும் கொழுந்து பறிக்க மாட்டோம் என்று திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள், அது நியாயம். காலியான இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து அதே லயத்தில் வைத்தார்கள். யாரும் உங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. நீங்கள் வேண்டாம் என்று விட்டுப்போனதை, இன்னும் குறைவாகக் கேட்கக்கூடிய ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் தலையிலும் அதே மழைதான் ஒழுகுகிறது. அவர்மீது கோபப்பட்டுக்கொண்டிருக்கும்வரை நிர்வாகத்துக்கு ஓடு மாற்றும் செலவு மிச்சம்.

பதாகை பிடிப்பது போதும் என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்துத் தொழிலாளரின் மறுப்புக்கு வலு வந்தது, அந்த இயந்திரம் அவர்கள் கையில் இருந்ததால். வண்டிப்பெரியாற்றில் நம் கையில் போர் விமானம் இல்லை. நம்மைவிடப் பிந்தி வந்த தொழிலாளியைச் சங்கத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது. டீக்கடையில் அவரை ஒருமையில் விரட்டும்போது சிரிப்பதா தடுப்பதா என்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே அடுத்த மாதம் நீங்களும் போய் அவர்களோடு நில்லுங்கள். நின்றுகொண்டே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: உங்கள் சங்கத்தில் வடக்கத்தியத் தொழிலாளிகள் எத்தனை பேர் உறுப்பினர்? லயத்துக் கூரை பற்றித் தோட்ட ஆய்வாளருக்குக் கொடுக்கும் மனுவில் அவர்களிடமும் கையெழுத்து வாங்குவீர்களா? விழிக்கிறார்கள் என்றால் அந்த மனுவை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்து லயத்துக்குப் போங்கள். இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் அவர்கள் நம்மிடம் பேசத் தமிழையும் மலையாளத்தையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.